தருமலிங்கருக்கு இன்னும் கலியாணமாகவில்லை

முன்னுரைக்காரர் என்றோர் இனம் வளைகுடாவெங்கும் செழித்து வாழ்கிறது. தமிழர்கள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் எந்த மண்டபத்திலும், மைக்குக்குப் பக்கத்தில் அதைக் காணலாம்.

துபாயின் சத்வாவில் கிடைத்த நல்ல மாதிரி, சிவசங்கரன் அண்ணை. வாரநாட்களில் ஏசி கம்பெனியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியிருப்பார். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலின் வாசித்து, எழுபது சீடர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, நாற்பது கீர்த்தனைகள் இயற்றிய தருமலிங்கர் என்ற வித்துவான், அண்ணையின் பேச்சில் அடுத்த பிளாட்காரர் மாதிரி வந்துபோவார். சலாலாவில் அண்ணை பேசியபோது தருமலிங்கர் வில் பிடித்தது பதினோரு வயதில். ஷார்ஜாவில் ஒன்பது. சத்வாவில் ஏழு. அடுத்த மேடையில் வயலினோடேயே பிறந்துவிடுவார்.

அண்ணை வயலின் வாசிப்பாரா? சே! மற்றவர் வாசிப்பதைக் கேட்கவே அவருக்கு நேரமில்லை.

அன்று சத்வாவில் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா. தருமலிங்கரின் கீர்த்தனையை வாசிக்கப் பன்னிரண்டு வயது மேனுஜா மேடையில் உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதப் பயிற்சி. அவளுடைய அப்பா சுகிர்தன், தொலைவிலுள்ள ருவைஸ் எண்ணெய் ஆலையில் டியூட்டி மாற்றிக்கொண்டு, மகளின் வாசிப்பை முதன்முதலாக மேடையில் கேட்க வந்திருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் திரும்ப வேண்டும். மண்டபமும் அதே மணிக்குக் கைமாறும்; அடுத்த சங்கத்தார் செண்டை மேளங்களோடு வாசலில் நின்றார்கள்.

பதினொன்று நாற்பதுக்கு அண்ணை, "இரண்டே நிமிஷம்" என்று மைக்கைப் பிடித்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு மேனுஜாவின் அம்மா கஜந்தினி மேடையோரம் போனாள்.

"அண்ணை, பிள்ளை வாசிக்கட்டுமே. இவர் டியூட்டிக்குப் போகோணும்."

"பொறும் தங்கச்சி, தருமலிங்கருக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை!"

"அதை நாளைக்குச் செய்து வையுங்கோ!"

சபை சிரித்தது. அண்ணையும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கலியாணத்தை நடத்தினார். மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். காரோட்டி வந்த நண்பர் ஐயப்பன் வாசலிலிருந்து, "யல்லா சுகிர்தன் பாய், லேட்டாகுது!" என்று கையாட்டினார். சுகிர்தன் எழுந்துவிட்டார்.

"அரசவை நிசப்தம். தருமலிங்கர் வில்லை எடுத்தார்..." அண்ணை உருகிக் கண்களை மூடினார். இந்த இடத்தில் எப்போதும் பத்து விநாடி மூடுவார். ஒத்திகைகளில் மேனுஜா அதை எண்ணி வைத்திருந்தாள் போலும்.

வில்லை எடுத்தாள். கீர்த்தனை புறப்பட்டுவிட்டது.

அண்ணை கண்ணைத் திறந்தார், வாயையும் திறந்தார். சபையோ இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்துக் கைதட்டிவிட்டது. இனி என்ன செய்ய முடியும்? 'என் யோசனைதான்' என்பதுபோல் தலையாட்டினார். சுகிர்தன் நின்ற இடத்திலேயே நின்று கேட்டார். அனுபல்லவி முடியும்போது காவலாளி "கலாஸ், பாய்!" என்று நேரத்தை முடித்துவைத்தார், செண்டைகள் உள்ளே வந்தன.

மிச்சமிருந்த சரணம் ஐயப்பனின் காரில், பின்சீட்டில், அப்பாவின் பக்கத்தில் நடந்தது. அண்ணை அங்கேயும் ஜன்னலோரம் வந்தார்.

"இந்தச் சரணம் எப்படிப் பிறந்தது தெரியுமோ..."

ஐயப்பன் கண்ணாடியை ஏற்றினார்.

சிரியுங்கள், தாராளமாக. ஆனால் போன வாரம் விருந்தாளிகளுக்கு முன்னால் உங்கள் மகளைப் பாடச் சொல்லி நிறுத்திவிட்டு, எந்த வயதில் தொடங்கினாள், யாரிடம் படிக்கிறாள், டீச்சர் என்ன சொல்லி வியந்தார் என்றெல்லாம் நீங்கள் விளக்கினீர்களே, கடைசியில் அவள் பாடினாளா?