பிரஸ்ஸை நிறுத்து, பாய் கையெழுத்து போடுகிறார்

எங்கள் கையெழுத்து பாயைப் போல இன்னொரு மனிதனைத் தாம்பரத்திலிருந்து நாவலூர் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. கிடைத்தால் எனக்குச் சொல்லாதீர்கள். ஒருவரே போதும்.

திருமுடிவாக்கத்தில் தகடு வெட்டி வளைக்கும் பட்டறை எங்களுடையது. பிரைவேட் லிமிடெட். நானும் பாயும் டைரக்டர்கள். செக்கில் இருவரில் யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம் என்று பேங்கில் எழுதிக் கொடுத்திருந்தோம். ஆனால் பாய் செக் புத்தகத்தைத் தன் டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு தர மாட்டார். எங்கள் செக்கில் மீன் குழம்பு வாசம் வரும்.

அவர் கையெழுத்து மூன்று சுழி, ஒரு வால், வாலுக்கு மேல் இரண்டு புள்ளி. தகட்டை அழுத்தி வளைக்கும் பவர் பிரஸ் ஓடினால் மேஜை ஆடும், வால் கோணும், பேங்க் திருப்பி அனுப்பிவிடும்.

"டேய், பிரஸ்ஸ நிறுத்து. செக் போடணும்."

மொத்தப் பட்டறையும் நிற்கும். ஆட்கள் டீ குடிக்கப் போவார்கள். களைப்பான நாளில் அவர்களே கேட்பார்கள்: "இன்னா பாய், இன்னிக்கு செக் ஒண்ணும் இல்லியா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "குடு பாய். என் கையெழுத்து ரெண்டே கோடு. ஓடுற பஸ்லயே போடுவேன்."

"நீ கை வெக்காத மச்சான். செக் போடற மூஞ்சியா அது?"

திமிர் பிடித்த ஆள் என்று நாங்கள் குடியிருக்கும் சேலையூர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

பிறகு ஒரு பெரிய வாடிக்கையாளர் எங்களுக்குப் பணம் தராமல் இழுத்தடித்தார். நாங்கள் தகடு வாங்கிய இடத்துக்குக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பியது. கோர்ட் சம்மன் கம்பெனி பேரிலும் பாய் பேரிலும் வந்தது. என் பேர் இல்லை.

"கம்பெனிக்காகத்தான் போட்டேன்னு தப்பிக்க முடியாது," என்றார் வக்கீல். "கையெழுத்து போட்ட டைரக்டர் நேரா மாட்டுவார். ஜெயில் வரைக்கும் போகலாம்."

பாய் தெரிந்த கதையைக் கேட்பது போலத் தலையாட்டினார்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா பாய்?"

"கம்பெனி ஆரம்பிச்ச அன்னிக்கே ஆடிட்டர் சொன்னாரே. நீ வடை துன்னுகினு இருந்த."

"அதான் செக் புக்கை எனக்குத் தரலியா?"

"உனக்கு பிரஷர் கீது. கூண்டுல நின்னா மயக்கம் போட்டு வுழுவ. உன் வெயிட்டுக்கு யார் தூக்கறது?"

வாடிக்கையாளர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, தொண்டை கட்டும் வரை கத்திப் பணத்தை வாங்கினேன். தகடுக்காரருக்குக் கட்டியதும் வழக்கு வாபஸ் ஆனது. மறுநாளே பாயைப் பேங்குக்கு இழுத்துப் போனேன். இனி இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும் என்று மாற்றினேன்.

"லூசா நீ? ரெண்டு பேரும் உள்ள போனா பட்டறைய யார் பாக்கறது?"

"யாரோ பாத்துக்கட்டும். போடு கையெழுத்தை."

இப்போதும் அவர் செக் போடும்போது பிரஸ் நிற்கிறது. இருந்தாலும் மேஜையை நான் பிடித்துக்கொள்கிறேன்.