நான் முன்வண்டி ஓட்டிய ஐந்தாம் நாள்

பிறர் பிழையைத் திருத்தியே பிழைத்தவனுக்குத் தன் பிழை கண்ணில் படாது. இருபது வருடம் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். ஒரு தெருவின் பெயர் தவறாக அச்சாகிவிட்டால் அன்று எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவன்தான் ஒரு நேரான தெருவில் வழி தவறினேன். வழி தெரியாமல் அல்ல, மிக நன்றாகத் தெரிந்ததால்.

எங்கள் குடும்பச் சிநேகிதி சாந்தினி மெல்பேர்னில் பிசியோதெரபிஸ்ட். சைக்கிள் ஓட்டக்காரர்களின் முழங்கால்களைப் பார்ப்பது அவள் தொழில். நல்ல பெண் ஓட்டக்காரர்கள் இருபத்தைந்து வயதுக்குள் ஓட்டத்தை விட்டுவிடுவதைக் கவனித்தாள். பல நாள் பந்தயம் பழக ஐரோப்பா போகவேண்டும், எல்லாராலும் போக முடியாது. மற்றவர்கள் இதைச் சொல்லிக் கவலைப்பட்டார்கள். சாந்தினி கடிதம் எழுதினாள். நகரசபைகளுக்கு, பொலிசுக்கு, ஓட்டக்காரர் படுக்க மண்டபம் கேட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு. மூன்று வருடம் எழுதி ஒரு தேசியப் பந்தயத்தை உண்டாக்கினாள். சிட்னியில் டூங்கபியில் தொடங்கி, இடையில் சில தூரம் பஸ்ஸில் போய், மெல்பேர்னுக்குப் பக்கத்து மலை உச்சியில் முடியும் ஐந்து நாள் பெண்கள் ஓட்டம்.

"ஒரு நாள் வைச்சால் காணாதோ?" என்று கேட்டேன்.

"ஒரு நாளிலை கால் தெரியும் அண்ணை. அஞ்சாம் நாள் விடியத்தான் ஆள் தெரியும்."

அவள் மனதில் இருந்த ஆட்களில் ஒருத்தி ஹேமா. மெல்பேர்னின் ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறவள், அவள் சின்ன வயதில் அகதியாகப் படகில் வந்த குடும்பம். தற்காலிக விசா. வெளிநாடு போனால் திரும்பி வர முடியாது. "போக ஏலாத பிள்ளையளிட்டை பந்தயம் வரவேணும்" என்பாள் சாந்தினி. வெல்பவருக்கு மெல்பேர்ன் அணி ஒன்றில் ஒரு வருடம் சம்பளத்தோடு இடம். ஐந்தாம் நாள் காலை, மொத்த நேரத்தில் ஹேமா முதலாமவளுக்கு நாற்பது விநாடி பின்னால் இருந்தாள்.

முன்வண்டி ஓட்டும் வேலை எனக்கு. (தகுதி: முப்பது வருடத்தில் ஒரு அபராதமும் வாங்கவில்லை. இதை யாரும் கேட்காமலே சொல்வேன்.) முதலில் வருபவருக்கு நூறு மீற்றர் முன்னால், குறித்த பாதையில் போகவேண்டும். அவ்வளவுதான். பக்கத்தில் வரைபடத்தோடு என் மனைவி ரஞ்சி.

மலையடியில் இருக்கும் த பேசின் என்ற ஊரை நெருங்கும்போது ஹேமா தனியாகப் பிரிந்து வந்துகொண்டிருந்தாள். மற்ற எல்லாருக்கும் தொண்ணூறு விநாடி முன்னால். அதைத் தாண்டினால் மலை ஏற்றம், பிறகு முடிவு. தேவை நாற்பது விநாடி, கையில் தொண்ணூறு.

த பேசினுக்கு நாங்கள் பதினெட்டு வருடமாக ஒரே காரணத்துக்குத்தான் போய் வருகிறோம். பிள்ளையார் கோயில் தெரிந்தது. இண்டிகேட்டர் போட்டேன். திரும்பினேன். தரிப்பிடத்தில் வண்டி கோட்டுக்கு நேராக நிற்கவில்லை என்று ஒருமுறை பின்னெடுத்துத் திருத்தியும் விட்டேன். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தேன். ரஞ்சி அதற்குள் ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தாள். (வரைபடம் மடியில்.)

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். ஹேமா.

"அங்கிள், இஸ் திஸ் த வே?"

கண்ணாடியை இறக்கினேன். அவள் தலையை நிமிர்த்திக் கோயிலைப் பார்த்தாள்.

"அங்கிள், இது கோயில்!"

"ஓம் பிள்ளை" என்றேன். அந்த நேரத்தில் என்னிடம் இருந்த ஒரே சரியான தகவல் அது.

வாசலுக்கு வெளியே ஐம்பது சைக்கிள்கள் ஒன்றாகப் போகும் இரைச்சல் கேட்டது. ஹேமா சைக்கிளைத் திருப்பினாள். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு, "கும்பிடாமல் போறீரோ பிள்ளை?" என்றார். "பிறகு வாறன் அங்கிள்!" என்று கத்திக்கொண்டு பறந்துவிட்டாள்.

வோக்கி டோக்கியில் சாந்தினி. "அண்ணை, எங்கை நிக்கிறியள்?"

"கோயிலிலை."

"இனி எல்லாருக்கும் பின்னாலை வாங்கோ. ஒண்டும் செய்யாதேங்கோ."

அதனால் முன்வண்டி ஓட்டுபவன் ஒருநாளும் காணாததை நான் கண்டேன். ஏற்றத்தின் அடியில் ஹேமா கடைசி ஆள். அவள் பதறவில்லை. ஆசனத்தை விட்டு எழும்பவே இல்லை. தோள் ஆடவில்லை. இரண்டாம் வளைவில் முதல் கூட்டத்தைக் கடந்தாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், அடுத்த கூட்டத்தைக் கடந்தாள். தாண்டப்பட்டவர்கள் திரும்பிப் பார்த்தபோது அவள் அடுத்த வளைவில் இருந்தாள். ரஞ்சி ஒரு காலில் சப்பாத்தோடு அழுதுகொண்டிருந்தாள்.

கடைசிக் கிலோமீற்றரில் முதலாமவளையும் பிடித்து, முந்தி, முப்பத்தொரு விநாடி முன்னால் உச்சியில் முடித்தாள். தேவை நாற்பது. ஒன்பது விநாடியில் பந்தயம் போனது. நான் வண்டியைப் பின்னெடுத்துத் திருத்தினேனே, அதற்கே அதைவிடக் கூட நேரம் போயிருக்கும்.

குற்ற ஒப்புதல் ஒன்றை எழுதி சாந்தினியிடம் கொடுத்தேன். நேரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"பாதையைத் தெரிஞ்சு வைச்சிருக்க வேண்டியது ஓடுறவை அண்ணை. விதியிலை இருக்கு. எங்கடை பிள்ளை எண்டு மாத்த ஏலாது" என்றாள். சொல்லிவிட்டு முகத்தை மலைச்சரிவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முதல் வருடம், அவளே உண்டாக்கிய பந்தயம். விதியைக் கொஞ்சம் வளைத்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஹேமாவிடம் போய் நின்றேன். அவளே பேசினாள்: "விடுங்கோ அங்கிள். திரும்பேக்கை எனக்கும் பிழையாத் தெரியேல்லை. அம்மாவோடை வாற கோயில்தானே."

அணியில் இடம் வென்றவளுக்கே போனது. பத்து நாள் கழித்து அணி மேலாளர் ஹேமாவையும் அணியில் சேரக் கூப்பிட்டார். அந்த ஏற்றத்தில் யார் எவ்வளவு நேரத்தில் ஏறினார்கள் என்ற தாளை அவர் பார்த்திருந்தார். இது பிள்ளையாரின் செயல் என்கிறாள் ரஞ்சி. நான் மறுப்பதில்லை. பழியில் பாதியையாவது அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

பந்தயம் இன்னும் நடக்கிறது. இரண்டாம் வருடக் கையேட்டில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: "முன்வண்டியில் போகிறவர்கள் கோயில் அலுவல்களை முதல் நாளே முடித்திருக்க வேண்டும்." வீட்டில் தண்டனை அதைவிடக் கடுமை. கலியாணத்துக்கு நாலு கார் சேர்ந்து புறப்பட்டால் என் மகள் எல்லாருக்கும் கேட்கச் சொல்வாள்: "அப்பாவை முன்னுக்கு விடாதேங்கோ. தாலி கட்ட நேரம் கிடக்கெண்டால் மட்டும் விடுங்கோ, வழியிலை கும்பிட்டுட்டுப் போகலாம்."