மாடி அறையை மூட வேண்டாம், மச்சான்

திண்டுக்கல், நத்தம் ரோடு,
செவ்வாய்க்கிழமை

மரியாதைக்குரிய மச்சான் சடையாண்டி அவர்களுக்குத் தங்கள் தங்கை புருஷன் முருகேசன் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் ராமுத்தாயும் பிள்ளை இளவேனிலும் பழனி ஆண்டவர் தயவில் நலமாக இருக்கிறோம். நெய்க்காரப்பட்டியில் தாங்களும், அக்காவும், கோயம்புத்தூரில் படிக்கும் தங்கள் மகன் மாப்பிள்ளை கண்ணனும், தங்கள் வெல்ல மண்டியும் நலமாக இருக்க வேண்டுகிறோம். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் தாங்கள் என்னைப் பேச விடுவதில்லை என்பதால், நாளை அந்தப் பக்கம் புளி லோடு கொண்டு வரும் டிரைவர் பக்ருதீனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். நின்று படித்துவிட்டு உள்ளே போகவும்.

போன மாதம் பழனியில் நடந்த காதுகுத்தில், பந்தியில் எல்லோரும் கேட்கும்படி தாங்கள் என்னிடம் சொன்னது ஞாபகம் இருக்கும். "ஏனுங்க மாப்ள, ஓசியில குடுத்தா எவனுங்க மதிப்பான்? மொதல்ல அந்த மாடி ரூம மூடச் சொல்லுங்க புள்ளைய." நான் அப்போது ரசத்தைக் குடித்துவிட்டு இலையை மடித்து எழுந்துவிட்டேன். இப்போது இளவேனில் நிஜமாகவே வருகிற வெள்ளிக்கிழமை மூடப் போகிறாள். "சடையாண்டி மாமா சொன்னதுதான்பா சரி" என்கிறாள். பெற்றவன் பேச்சு எடுபடவில்லை. தாய்மாமன் சொன்னால் பிள்ளை தட்டமாட்டாள். ஆகையால் தாங்கள் வியாழக்கிழமை ஒரு நடை வந்து, மூடச் சொன்ன அதே வாயால் மூட வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

அந்த அறையில் என்ன நடக்கிறது என்று தங்களுக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை. எனக்கே இளவேனில் நாலைந்து முறை சொல்லித்தான் விளங்கியது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிற பிள்ளைகள் ஏதாவது ஒரு பக்கத்தைச் செய்தால், அதை ஊர் உலகம் பார்க்க, எங்கேயாவது ஒரு கம்ப்யூட்டர் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த இடத்துக்கு மாச வாடகை உண்டு. படிக்கிற பிள்ளைக்கும் வேலை தேடுகிற பிள்ளைக்கும் அது கட்டுப்படியாகாது. இவள் மூடிப்போன ஒரு கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர்களை வாங்கி, நம் புளி குடோன் மாடியில் அடுக்கி, ஏசி போட்டு, அவர்களுக்கெல்லாம் சும்மா இடம் கொடுக்கிறாள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. தைப்பூசத்துக்கு நத்தம் ரோட்டில் பாதயாத்திரை போகிறவர்களுக்கு நம் வீட்டுப் பந்தலில் போடுகிறோமே, அதே அன்னதானம்தான்.

மச்சான், ஒரு நாள் நான் மாடியில் சாமிப் படத்துக்குப் பூ வைக்கப் போனேன். கம்ப்யூட்டர்களில் ஒன்று திடீரென்று மூச்சிரைக்க ஆரம்பித்தது. உள்ளே இருக்கிற ஃபேன் அப்படிச் சுற்றுகிறது. பச்சை விளக்குகள் படபடவென்று துடிக்கின்றன. நெருப்புப் பிடித்துவிட்டதோ என்று கத்தினேன். இளவேனில் வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லப்பா, பெரு நாட்டுல மழை" என்றாள். அங்கே மலையடிவாரத்தில் ஒரு பெண், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று காட்டும் பக்கம் ஒன்றைச் செய்து நம் மாடியில் வைத்திருக்கிறதாம். மழை கொட்டியதும் ஆற்றங்கரை ஜனங்கள் மொத்தமும், ஆடு மாடுகளை மேட்டுக்கு ஓட்டலாமா வேண்டாமா என்று ஒரே நேரத்தில் அதைத் திறந்து பார்க்கிறார்கள். அவர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பது நம் புளி குடோனின் தலைக்குமேல். "மழை அங்க பெய்யிது, மூச்சு இங்க வாங்குது" என்று ராமுத்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து நான் செருப்போடு அந்த அறைக்குள் போவதில்லை.

ஆனால் தாங்கள் சொன்னதிலும் உண்மை இல்லாமல் இல்லை. இலவசம் என்றதும் எப்படி எப்படியெல்லாம் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமே. ஒரு தம்பி கவிதைப் பக்கம் வைக்கிறேன் என்று வந்து, பின்வாசலில் பிட்காயின் மாதிரி இன்டர்நெட் காசை வெட்டியெடுக்கிற புரோகிராமை ஓட்டிவிட்டான். மொத்த ரூமும் கொதித்து, மற்ற எல்லோருடைய பக்கமும் நத்தை மாதிரி ஆகிவிட்டது. கரண்டு ஆபீஸில் பராமரிப்பு என்று ஒரு நாள் நிறுத்தினார்கள். பேட்டரியும் தீர்ந்தது. அன்று வந்த வசவுகளை இளவேனில் தமிழாக்கிப் படித்துக் காட்டினாள். முழு வாடகை கட்டியவன்கூட அப்படித் திட்டமாட்டான். "பொறுப்பில்லாதவர்கள்" என்று எழுதியிருந்தவர் நம்மிடம் அன்று காலையில்தான் இடம் வாங்கியவர். இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. இடத்தைப் பிடித்து, வெள்ளைப் பக்கத்தில் "வணக்கம்" என்று மட்டும் எழுதிவிட்டு, வருஷக்கணக்கில் திரும்பியே பார்க்காதவர்கள். அழித்துவிடலாம் என்றாள் பிள்ளை. ராமுத்தாய் விடவில்லை. "இலையப் போட்டுட்டுக் கை கழுவப் போயிருக்கும், செத்த நேரம் பொறுடி" என்கிறாள். அவர்கள் இன்னும் கை கழுவிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் இளவேனில் அசரவில்லை. அவளை உடைத்தது நான் செய்த காரியம். யார் யாருக்கு இடம் கொடுப்பது என்று பார்க்கும் பொறுப்பை அவள் என்னிடம் கொடுத்திருந்தாள். வருகிறவர் என்ன செய்யப் போகிறார் என்று இரண்டு வரி எழுதுவார், அது தமிழாகி என் போனுக்கு வரும், நான் ஆமாம் அல்லது இல்லை என்பதை அமுக்க வேண்டும். நம் பந்தல் வழக்கம் தங்களுக்குத் தெரியும். வந்தவரிடம் பேர் ஊர் கேட்கக் கூடாது, உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. நான் வரிகளைப் படிக்காமலே எல்லோருக்கும் ஆமாம் போட்டேன். இளவேனில் சந்தேகப்பட்டு எழுப்பச் சொன்ன ஒருவனையும், "சாப்பிட்டு முடிக்கட்டும்மா" என்று விட்டுவைத்தேன். அவன் ஒரு பேங்கின் பக்கத்தைப் போலவே அச்சு அசலாகச் செய்துவைத்து, ஜனங்களின் ரகசிய எண்ணை வாங்கிக்கொண்டிருந்தான். நல்லவேளை, யாரும் பெரிதாக ஏமாறுவதற்குள் தெரிந்துவிட்டது. ஆனால் நமக்கு இன்டர்நெட் லைன் கொடுக்கும் கம்பெனியிலிருந்து, இன்னும் ஒரு புகார் வந்தால் லைனையே அறுத்துவிடுவோம் என்று எழுதிவிட்டார்கள். பிள்ளை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "அவங்களா அறுத்தா எல்லாருக்கும் ஒரே நிமிசத்துல எல்லாம் போயிரும்பா. நானே சொல்லிட்டு மூடுனா, எடுத்துட்டுப் போகவாவது அவங்களுக்கு நேரம் இருக்கும்" என்றாள். அதற்கு முன் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை மச்சான்.

அப்போது தங்கள் தங்கைதான் எனக்கு உறைக்கும்படி சொன்னாள். "வயித்துக்கு வந்தவங்ககிட்ட நீங்க கேக்க வேணாம். இவன் அண்டாவத் தூக்கிட்டுப் போக வந்தவன்ல." சரி என்று, சனிக்கிழமை முதல் நான் ஒவ்வொருவராக வீடியோ காலில் கூப்பிட ஆரம்பித்தேன். என் இங்கிலீஷ் தாங்கள் அறிந்ததுதான். "வாட் இஸ் யுவர் வில்லேஜ்? ஹூ இஸ் யுவர் ஃபாதர்? ஈட்டிங் ஓவர்?" நம் ஊர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் கேட்கிற கேள்விகள்தான், வேறொன்றுமில்லை. திருடன் எந்தச் சட்டத்துக்கும் பதில் வைத்திருக்கிறான், மச்சான், ஆனால் அம்மா என்ன சமைத்தார் என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இல்லை. ஒருவன் ஊர் பேரைச் சொல்லி, அப்பா பேரில் தடுமாறி, கேமராவை அணைத்துவிட்டு ஓடிவிட்டான். இன்னும் சில பேர், நான் கூப்பிட்டேன் என்றதுமே தங்கள் பக்கத்தைத் தாங்களே சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இளவேனில் பல நாளாகத் தேடிப் பிடிக்க முடியாதவர்களாம்.

நல்ல பிள்ளைகளோ, கேட்டதும் பூரித்துப்போகிறார்கள். கென்யா தேசத்தில் ஒரு தம்பி தன் வீட்டுக் கோழிகளை ஒவ்வொன்றாகக் காட்டினான். அய்யலூர் பையன் ஒருவன், சந்தையில் ஆட்டு விலையைச் சொல்கிற பக்கம் வைத்திருக்கிறான், "இம்புட்டு தூரம் வந்து சாப்டியான்னு யாருங்கய்யா கேட்டா" என்றான். நான் எங்கும் போகவில்லை, கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தேன். பெருவில் இருக்கும் அந்தப் பெண் போனைத் திருப்பித் தன் ஆற்றைக் காட்டியது. காவி நிறத்தில் நுரைத்துக்கொண்டு அவ்வளவு பெரிய ஆறு. இவ்வளவு பெரிய ஆற்றை நம் மாடியில் வைத்துக்கொண்டு கீழே புளி நிறுத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்து, போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பெண்தான் என்னைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று கையால் கேட்டது.

இதையெல்லாம் சொன்னாலும், "எல்லாரையும் உங்களால கூப்பிட முடியுமாப்பா" என்கிறாள் இளவேனில். முடியும். எனக்கு வேறென்ன வேலை, புளி தன்பாட்டில் கிடக்கும். ஆகையால் பெரியவர் தாங்கள் என்னைக் கைவிடாமல், வியாழக்கிழமை அவசியம் வந்து பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். அக்காவுக்கு என் வணக்கங்கள். கண்ணனுக்கு எங்கள் ஆசிகள். கொழுந்துவிட்டு எரியும் கரும்பாலை அடுப்பைப் போலத் தங்கள் குடும்பம் பிரகாசிக்க வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள,
முருகேசன்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். வியாழக்கிழமை வரவும் வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போது, கூப்பிட வேண்டியவர்களில் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். ஊரைக் கேட்டேன், நெய்க்காரப்பட்டி என்றான். அப்பா பேரைக் கேட்டேன். "மாமா, நாந்தானுங்க மாமா, கண்ணன்" என்றான். ஒவ்வொரு மார்க்கெட்டிலும் அன்றன்றைக்கு வெல்லம் என்ன விலை என்று சொல்கிற பக்கம் ஒன்றை வேறு பெயரில் நம் மாடியில்தான் வைத்திருக்கிறானாம். தங்கள் ஊர் ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் காலையில் அதைப் பார்த்துத்தான் வெல்லப் பாகுக் கொப்பரையை இறக்குகிறார்களாம். தாங்களும் அதைப் பார்த்துத்தான் விலை சொல்கிறீர்களாம், யார் செய்தது என்று தெரியாமலே. "அப்பாகிட்டச் சொல்லிறாதீங்க மாமா" என்று சத்தியம் வாங்கிக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை, எழுதத்தான் செய்திருக்கிறேன். பெரியவர்கள் சொன்னால் சொன்னதுதான், தங்கள் வாக்குப்படியே வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறோம். சனிக்கிழமை காலையில் விலை தெரியாமல் ஆலைக்காரர்கள் தங்கள் மண்டி வாசலில் வந்து நின்றால், கண்ணனைக் கோபிக்க வேண்டாம். மூடச் சொன்னது யார் என்று அவர்களில் ஒருவரிடமும் இதுவரை நான் மூச்சு விடவில்லை.