டமாலுக்கு ஒரு மேடை

குடவாசலுக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் உள்ள அத்தனை மாடுகளையும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடவைத்த ஒரே மனிதன் டமால். புயல்கூட ஒரு பக்கமிருந்துதான் வந்தது. இவன் நாலு பக்கமிருந்தும் வந்தான்.

அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது. அறுப்பு சீசனில் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுவான். மற்ற மாதங்களில் டிரம்ஸ். டிரம்ஸ் என்றால் கல்யாணக் கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் பதவிசாகத் தட்டுவது அல்ல. ஹெவி மெட்டல். கிட்டார் ரம்பம் போல அறுக்கும், பாடுகிறவன் தொண்டையில் ஜல்லி அரைபடும், அதற்கு அடியில் டிரம்ஸ்காரன் இரண்டு காலாலும் பெடலை மிதித்துத் தரையை நடுங்கவைப்பான். போனில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். காவிரிப் படுகையில் அந்தச் சங்கீதத்துக்கு அவன் ஒருவன்தான் வித்வான், நான் ஒருவன்தான் ரசிகன். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூர், லாரி, செங்கல் சூளை என்று சுற்றிவிட்டு எப்போதாவது ஊர் திரும்புகிறவன். ஊரில் இருக்கும் நாட்களில் அவனுக்கு டிரம் தூக்குவேன்.

அந்த டிரம் செட், குடவாசலில் ஓடாத ரைஸ் மில் வைத்திருந்த பாய் கொடுத்தது. அவர் மகன் துபாய் போகும்போது போட்டுவிட்டுப் போனதாம். பழகுவதற்கு மில்லையும் திறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, மில்லுல இருந்த எலியெல்லாம் ஓடிப்போச்சுப்பா."

"நல்லதுதானே பாய்?"

"எனக்கு நல்லதுதான். என் பூனை பட்டினி கெடக்கே, அதுக்கு யாரு பதில் சொல்றது?"

ஆனாலும் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

மெட்டல்காரர்கள் கறுப்பு பூட்ஸ் போடுவார்கள் என்று போனில் பார்த்திருந்தான். அப்படி ஒன்றை வாங்க வழியில்லை. திருவாரூருக்குப் போய், சேற்றில் இறங்குகிறவர்கள் போடும் ரப்பர் பூட்ஸ் வாங்கி வந்தான். முழங்கால் வரைக்கும் வரும். சித்திரை வெயிலிலும் அதுதான். அதைப் போட்டுக்கொண்டு அவன் பெடல் மிதிப்பது, யானை தையல் மெஷின் மிதிப்பது போல இருக்கும். அவன் அதைக் கழற்றும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் நான் உட்காருவேன்.

ஒருநாள் காற்றோட்டமாக அடிக்கலாம் என்று செட்டைக் களத்துக்குத் தூக்கிப் போனோம். பக்கத்தில் அறுத்த வயலில் வாத்துகள் மேய்ந்தன. டமால் முதல் அடி அடித்தான். அவ்வளவுதான். வாத்துக் கூட்டம் மூன்று ஊருக்குப் பிரிந்து போனது. வாத்துக்காரர் கம்போடு ஓடிவந்தார்.

"டேய், அது முட்டை போடுற வாத்துடா! இனிமே அது முட்டை போடுமா?"

"போடும்ணே. ஓடு கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

பொழுது சாயும் வரை இரண்டு பேரும் வாய்க்கால் வாய்க்காலாக வாத்துப் பிடித்தோம்.

திருத்துறைப்பூண்டியில் ஒரு கல்யாணம். ஆர்கெஸ்ட்ராவில் டமாலுக்கு வேலை. பொண்ணு மேடைக்கு வருகிறது, தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு. பாதியில் டமாலின் கால் தன் இஷ்டத்துக்குப் போய்விட்டது. சமையல்காரர் சிலிண்டர் வெடித்துவிட்டது என்று கரண்டியோடு வெளியே பாய்ந்தார். மாப்பிள்ளையின் மாமா சீர்த்தட்டைக் கீழே போட்டார். ஆர்கெஸ்ட்ரா முதலாளி அங்கேயே அவனை நிறுத்தினார். திரும்பும் பஸ்ஸில் டமால் என்னிடம் சொன்னான்:

"எங்க போனாலும் பாதியில நிறுத்திடுறானுங்கடா. எங்கப்பா காலம் பூரா தெருவுல நின்னுக்கிட்டே அடிச்சாரு. நான் நம்ம ஊர்ல மேடை மேல உக்காந்து ஒரு பாட்ட முழுசா அடிக்கணும். அப்புறம் என்ன வேணா சொல்லட்டும்."

அவன் அப்பா பறை அடித்தவர். மேலத்தெருவில் ஒரு பெரியவர் இறந்தபோது, டமாலைக் கூப்பிட ஆள் வந்தது.

"உங்கப்பன் எங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் வந்தவன்டா. நீயும் அடிக்கிறவன்தானே? வந்து அடிச்சிட்டுப் போ."

"வர்றேங்க. பொணம் எந்திரிச்சு ஓடிடுச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது."

போகவில்லை. எங்கள் தெரு ஒரு வாரம் சிரித்தது. மேலத்தெரு சிரிக்கவில்லை.

அடுத்த மாரியம்மன் திருவிழாவுக்கு வந்தது அதே ஆர்கெஸ்ட்ரா. அவர்களுடைய டிரம்மர் வரவில்லை. முதலாளி வேறு வழியில்லாமல் டமாலைத் தேடி வந்தார். கடைசியில் தன் பாட்டு ஒன்று, முழுசாக, யாரும் நிறுத்தக் கூடாது என்றான் டமால். அவர் தலையாட்டினார்.

மத்தியானம் நல்ல மழை. மேடைப் பலகையும் மேலே விரித்த கம்பளமும் ஊறிக் கிடந்தன. கரண்ட், தெருவில் போகும் லைனில் கொக்கி போட்டு இழுத்தது. வருஷா வருஷம் அப்படித்தான், ஊருக்கே தெரியும். டமால் படியில் கால் வைத்தான். விழாக்குழுத் தலைவர் கையை நீட்டி மறித்தார்.

"அம்மனுக்கு எதுத்தாப்புல பூட்ஸோட ஏறுவியா? கழட்டு."

"பாடுறவரு ஷூ போட்டிருக்காருங்களே?" என்றேன் நான்.

"அவரு ஆர்ட்டிஸ்ட்டு. நீ வாய மூடு."

டமால் சிரித்தான். "விடுடா. வெறுங்கால்ல இன்னும் நல்லா மிதிக்கலாம்." கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறினான்.

கடைசியில் தன் பாட்டை அடித்தான். கிட்டார் இல்லை, பாட்டு இல்லை, டிரம்ஸ் மட்டும். மேலத்தெரு காதைப் பொத்திக்கொண்டது. கயிற்றுக்கு வெளியே நின்ற எங்கள் தெருப் பிள்ளைகள் சேற்றில் குதித்து ஆடின. யாரும் நிறுத்தவில்லை. அவனாகவே முடித்தான். எழுந்து முன்னால் வந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக மைக்கைப் பிடித்தான்.

அதே மைக்கை அதுவரை இரண்டு மணி நேரம் பிடித்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் காலில் ஷூ இருந்தது.

மெயினை அணை என்று கத்தினார்கள். கொக்கி போட்ட கரண்டுக்கு ஏது மெயின்? நான் மூங்கில் கழியால் கொக்கியைத் தட்டிவிட்டேன். அதற்குள் முடிந்துவிட்டது. அவனுக்கு இருபத்தாறு வயது.

காலையில் விழாக்குழு, குடித்திருந்தான் என்றது. டமால் குடித்ததெல்லாம் பன்னீர் சோடா. போலீஸ்காரர்கள் மின்கசிவு என்று எழுதிக்கொண்டு போனார்கள். திருடிய கரண்டுக்குக் கசிவு என்று ஒரு பெயர். அம்மனே கூப்பிட்டுக்கொண்டாள் என்றார் தலைவர். அம்மன் யாரையும் பூட்ஸைக் கழற்றச் சொல்லவில்லை. சொன்னவருக்கு வாய் இருக்கிறது, வீடு இருக்கிறது, மறுவருஷ மேடையில் மாலையும் விழுந்தது. அந்த மேடைக்கும் கொக்கிதான். நான் போய்க் கேட்டேன். நாலு பேர் என்னைப் பிடித்து ரோட்டில் தள்ளினார்கள். அதன் பிறகு அந்த ஊரில் நான் தங்குவதில்லை. போகிற ஊரிலெல்லாம் இதைச் சொல்கிறேன். இப்போது உங்களிடம்.

அவன் அம்மாவை மட்டும் போய்ப் பார்ப்பேன்.

"முழுசா அடிச்சானாப்பா?"

"முழுசா அடிச்சான் அத்தை. யாரும் நிறுத்தல."

"அப்புறம் எதுக்கு மைக்கப் புடிச்சான்? பேசத் தெரியாத புள்ளையாச்சே."

"எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் அத்தை."

அவன் யாருக்கும் நன்றி சொல்லும் ரகமில்லை. இன்னொன்று அடிக்கட்டுமா என்றுதான் கேட்க வந்திருப்பான். கேட்டிருந்தால், காது கிழிந்தாலும் சரி, அடிடா என்றுதான் சொல்லியிருப்பேன்.