மாறுதல் பட்டியலுக்கு மூன்று பூட்டு

ஆசிரியர் மாறுதல் பட்டியலில் கையெழுத்துப் போடத் தாளாளர் இஸ்ரவேல் ஐயா பேனாவைத் திறந்தபோது, அதில் திசையன்விளைக்குப் போகவிருந்த டார்லின் டீச்சர் எதிரே நின்று அழுதுகொண்டிருந்தார். ரகசியம் என்றால் அந்த ஆபீஸில் அப்படிப்பட்ட ரகசியம்.

பாளையங்கோட்டையிலிருந்து தூரத்துத் திசையன்விளை வரை ஆறு பள்ளிக்கூடங்களை நடத்தும் நிர்வாகம் அது. பட்டியலை டைப் அடிப்பவர் ஒரே ஆள், தலைமை எழுத்தர் தேவசிகாமணி. ஆபீஸிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாதவர். இளகின மனசு. டைப் அடிக்கும் ஒவ்வொரு பேருக்காகவும் உள்ளுக்குள் கிடந்து வருத்தப்படுவார்.

ஐயா பட்டியலை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "இன்னொரு தடவை வெளிய போச்சுன்னா, திசையன்விளைக்கு நீருதான் போவீரு வே."

தேவசிகாமணி கடன்பட்டுக் கட்டிய வீட்டில் குடியேறி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மனைவியின் தம்பி எபி கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அத்தான், வைஃபைல எல்லாம் பொட்டலம் பொட்டலமாத்தான் போவும். பூட்டாம அனுப்புனா நடுவுல ஒருத்தன் பிரிச்சுப் படிச்சிருவான். உங்களுக்குத் தெரியவே செய்யாது."

அதுவரை ஆபீஸ் பெயரேதான் பாஸ்வேர்டு. அதை இருபது எழுத்தாக மாற்றினார்கள். ஐயாவுக்கு அது மனசில் நிற்கவில்லை. இரண்டு நாள் இணையம் இல்லாமல் கண்ணில் பட்டவர்களையெல்லாம் திட்டினார்.

புதுப் பட்டியலை டைப் அடித்த மறுநாள் காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல் தேவசிகாமணி முன்னறையில் முழங்காலிட்டு எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்தார். ஜெபத்தில் அவர் கஞ்சத்தனம் பார்க்கமாட்டார், முழுசாக அரைமணி நேரம். பிறகு, வீட்டுச் சுவரை ஒட்டிய சுடலைமணி கடையில் டீ குடித்தார். காலை வியாபாரம் சூடுபிடித்து, சுடலைமணி புதிதாக இரண்டு பெஞ்சு போட்டிருந்தார்.

பத்து மணிக்குள் புதுப் பட்டியலும் வெளியே போயிருந்தது. இம்முறை ஊர்ப் பெயர்களோடு.

"இனி நாமளே நடுவுல உக்காருவோம்" என்றான் எபி. ஆபீஸில் யார் இணையத்தில் எங்கே போகிறார்கள் என்று பார்க்கும் மென்பொருளைப் போட்டான். மூன்றாம் நாள் கள்ளன் சிக்கினான். ஒரு கம்ப்யூட்டர் காலை முதல் சாயங்காலம் வரை சீட்டாட்டத் தளத்திலேயே கிடந்தது. தேவசிகாமணி பூரித்துப்போய், தேதி நேரத்தோடு அறிக்கை எழுதி ஐயாவிடமே கொடுத்தார். அது ஐயாவின் கம்ப்யூட்டர் என்பதை அவர் முகம் கறுத்த பிறகுதான் யோசித்தார்.

அடுத்த பட்டியலின் அடியில் ஒரு வரி காலியாக விடும்படி ஐயா சொன்னார். எதற்கு என்று கேட்கும் தைரியம் தேவசிகாமணிக்கு இல்லை.

மூன்றாவது பூட்டு பெரிய பூட்டு. இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு டைப் அடித்தார். ஒரே பிரதி. உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, ஐயாவின் பீரோவில் தானே வைத்துப் பூட்டினார். பொட்டலமே கிளம்பவில்லை, எவன் பிரிப்பான்? மறுநாள் காலை நிம்மதியாக முக்கால் மணி நேரம் ஜெபித்துவிட்டு ஆபீஸுக்குப் போனார்.

வாசலில் டீச்சர்கள் கூட்டமாக நின்றார்கள். அவர்கள் கையிலிருந்த தாளில் பேர், ஊர், சேரவேண்டிய தேதி எல்லாம் இருந்தன. போதாததற்கு, யாருக்கு முட்டுவலி, யாருக்குக் கைக்குழந்தை என்று அசல் பட்டியலில் இல்லாத விவரங்களும் இருந்தன.

"விசயம் தெரிஞ்சது ரெண்டே பேரு. நான் சொல்லல" என்ற ஐயா, முத்திரையை உடைத்து, காலியாக இருந்த வரியில் தேவசிகாமணியின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

மாறுதல் உத்தரவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தேவசிகாமணி டீக்கடைப் பெஞ்சில் வந்து விழுந்தார். விசயத்தைக் கேட்ட சுடலைமணிக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு டீயைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கலங்காதீங்க அண்ணாச்சி. நாளைக்கு ஜெபத்துல ஒவ்வொரு பேரையும் கொஞ்சம் பைய மட்டும் சொல்லுங்க. இங்கன உக்காந்து எழுதுத டீச்சர்மாருக்குக் கை ஓட மாட்டக்கு."