இட்ஜரிட்ஜரியின் கண் நிறம்

உயிர்களைப் படைத்தது யாராக இருந்தாலும் சரி, அவற்றை ஒழுங்காகப் படைக்கத் தெரிந்தது எங்கள் "உயிரினச் சரிபார்ப்பு வாரியம்" ஒன்றுக்குத்தான். அதன் இருபத்தேழாம் எண் படிவத்தை நிரப்பும் பாக்கியம் நிலக்காவல் அலுவலக எழுத்தரான எனக்கு வாய்த்தது.

சுரங்கச் சாலைக்காக எங்கள் செம்மணல் மேட்டை வெட்டப் போகிறார்கள். மேட்டுக்குள் இட்ஜரிட்ஜரி என்னும் அரிய மண்ணகழ் பிராணி வாழ்வதாக வாரியம் ஒப்புக்கொண்டால் சாலை விலகிப் போகும். மேடு, எங்கள் அலுவலக நிலக்காவலர் டல்ஸி அத்தையின் தாய்வழி நிலம். அத்தை பள்ளம் தோண்டி, அந்த உள்ளங்கையளவுப் பிராணி மணலுக்குள் நீந்திப்போன வட்டத் தடங்களைப் பள்ளத்துச் சுவரில் காட்டினார். படம் எடுத்துக்கொண்டு படிவத்தைத் திறந்தேன்.

முதல் கட்டம்: கண் நிறம்.

"அதுக்குக் கண்ணே கிடையாதேடா!" என்றார் அத்தை. "மண்ணுக்குள்ளயே கெடக்குறதுக்குக் கண்ணு எதுக்கு?"

காலியாக விட்டேன். கணினி ஏற்க மறுத்தது. நகரத்து அதிகாரி பெர்கின்ஸுக்குப் போன் போட்டேன்.

"காலியா விட்டா எப்படி லெஸ்டர்? பழுப்புன்னு போடுங்க. யாருக்கும் பொருந்தும்."

போட்டேன்.

"காது நீளம் சார்? அதுக்கு மடலே இல்ல, வெறும் ஓட்டைதான்."

"ஓட்டைன்னா ஒரு நீளம் இருக்காதா? ரெண்டு சென்டிமீட்டர்!"

அந்த மேதைமையில் எனக்குப் புல்லரித்தது. மண் புகாதிருக்க இட்ஜரிட்ஜரியின் வயிற்றுப் பை பின்பக்கம் திறக்கும். படிவத்திலோ "முன்பக்கம்" மட்டுமே இருந்தது. தட்டினேன்.

அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினார். "டேய், நீ எழுதுறது கங்காருக் குட்டிடா! அழிடா அத! என் மேடு போயிடும்!"

"சும்மா இருங்க அத்தை, கணினியே ஏத்துக்கிச்சு!"

மூன்றே வாரத்தில் வாரியம் ஆளனுப்பி ஆய்வு செய்து கடிதமும் எழுதிவிட்டது. என்ன வேகம்!

"தாங்கள் குறிப்பிட்ட பழுப்புக் கண்ணும் நீண்ட காதும் உடைய விலங்கு மேற்படி மேட்டில் காணப்படவில்லை. கண்ணும் காதும் அற்ற பொன்னிறப் பிராணி ஒன்றே பிடிபட்டது. அது படிவத்தில் இல்லை. சாலைக்கு அனுமதி வழங்கப்படுகிறது."

கூடவே, ஒரு கட்டமும் காலியின்றி நிரப்பியதற்காக எனக்கொரு பாராட்டுச் சான்றிதழ். சட்டம் போட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது மேட்டுப் பக்கம் புல்டோசர் உறுமத் தொடங்கியது.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அத்தை கேட்டார். பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அவர் மேட்டுப் பக்கம் கையை நீட்டினார்.

"அதுக்குத்தான்டா கண்ணும் காதும் இல்ல. ஒனக்கு ரெண்டும் இருந்துச்சே! பக்கத்துலயே நின்னு கத்துனேனேடா!"