கொடிக்கு உள்ளே இருந்தவன் எழுதுவது

குடவாசல்
18-2-1989

பாசத்துக்கும் அதைவிட அதிகமாகப் பயத்துக்கும் உரிய ஐயாவு மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் அக்காள் அம்சத்தின் மகன் ரெத்தினம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா நலம், ஆடு நலம், சம்பா அறுப்பு முடிந்துவிட்டது. நான் நலமா என்பதை இதைப் படித்து முடித்த பிறகு நீங்களே எழுதினால் தெரிந்துகொள்வேன். அங்கே அத்தையும் மற்றவர்களும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். மற்றவர்கள் என்று நான் யாரை விசாரிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

நாலாம் தேதி நாகப்பட்டினத்தில் நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. ‘ஆள்குறைப்பு மெஷினுக்கு விரல் கொடுத்தவனுக்கு என் மகள் ராஜாத்தியைக் கொடுப்பதற்கில்லை, பங்குனியில் வைத்த கல்யாணம் ரத்து’ என்று இரண்டே வரி, அதன் கீழே கையெழுத்து, கையெழுத்தின் மேல் நீங்கள் தலைவராக இருக்கும் விவசாயக் கூலிச் சங்கத்தின் முத்திரை. அம்மா அந்த முத்திரையைப் பார்த்துவிட்டு, “தம்பி கோவமா எழுதியிருந்தா நான் போயி சமாதானம் பண்ணிடுவேன், இது சங்கமே எழுதியிருக்கேடா, நான் யாருகிட்ட போயி பேசுறது” என்று கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதது. உங்களுக்கு யாரோ பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். முழுவதையும் சொல்கிறேன். சொன்ன பிறகு நான் குற்றவாளியா இல்லையா என்பது எனக்கே தெளிவாகும் என்ற ஆசையும் இருக்கிறது.

நான் மீரா உசேன் பாயின் மெல்லிசைக் குழுவில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவன். ஆறு பேர் இருந்தோம். கோயில் திருவிழா, கல்யாணம், இந்தக் கட்சிக் கூட்டம், மறுநாள் அதே பந்தலில் அந்தக் கட்சிக் கூட்டம் என்று எங்கள் பிழைப்பு நன்றாகத்தான் போனது. ஐப்பசியில் பாயின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கீபோர்டு கொண்டுவந்தார். பாயிலிருந்து பந்தல்காரர் வரை எல்லாரும் அதைப் பெட்டி என்றுதான் சொல்கிறோம். கட்டை அமுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன் என்பதால் அது என் மடிக்கு வந்தது. ஒரு பட்டனை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் வயலின், வேறொன்றில் பத்துப் பேர் கைதட்டுகிற சத்தம்கூட இருக்கிறது. முதல் வாரம் புல்லாங்குழல்காரர் திருப்பனந்தாளில் மாமனார் கடைக்குப் போய்விட்டார், அடுத்த வாரம் வயலின்காரரைக் காணவில்லை, பிறகு கிடார்காரர் சைக்கிளை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். கடைசியில் டிரம்ஸ் வாசிக்கும் பக்கிரி அண்ணன். மாமா, இதை நான் மறைக்க விரும்பவில்லை. தாளம் தானாக ஓடுகிற பட்டனைக் கண்டுபிடித்து, பாய் முன்னால் அமுக்கிக் காட்டியது நான்தான். சும்மா பெருமைக்குத்தான் அமுக்கினேன். பாய் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “நாளையிலேருந்து பக்கிரிய வரவேணாம்னு சொல்லிடு, பெட்டியே அடிக்குதே” என்றார். நாலு வருஷமாக ஒரே பஸ்ஸின் கூரைமேல் டிரம்ஸைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மனிதரிடம் அதை நான் போய்ச் சொன்னேன். அவர் “சரிப்பா” என்றார். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

பக்கிரி அண்ணன் கச்சேரி இல்லாத நாளில் அறுப்புக்குப் போகிறவர், நம் சங்கத்தில் உறுப்பினர் அட்டை உள்ளவர். நானும் அட்டை உள்ளவன்தான் என்பதை இந்த இடத்தில் ஞாபகப்படுத்துகிறேன். அவர் நேராக இங்கே சங்கக் கிளைச் செயலாளராக உள்ள தோழர் செல்லதுரையிடம் போய், கதிரடிக்க டிராக்டர் வந்தபோது களத்தில் கொடி நட்டீர்களே, இதற்கு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறார். தோழர் இரண்டு நாள் யோசித்துவிட்டு உண்டு என்று சொல்லிவிட்டார்.

தை மாதம் தெற்குத்தெரு மிராசுதார் வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் வரவேற்பு. மேடையில் நான், பெட்டி, பாட்டுப் பாடுகிற பாய், மூன்றே பேர். மிராசுதார் வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்து, “இதே மாதிரி நடவுக்கு ஒண்ணு சிங்கப்பூருல கிடைக்குமான்னு ஒங்க மச்சான கேளுங்க பாய்” என்று சொல்லி என் முதுகில் தட்டினார். அவர் தட்டிய இடம் எரிகிறபோதே செல்லதுரையும் பக்கிரி அண்ணனும் முப்பது பேரும் உள்ளே வந்து, மேடைக்கு முன்னால் மணல் வாளியில் செங்கொடியை நட்டுவிட்டார்கள். பாய் அப்போது வெற்றிலை போட வெளியே போயிருந்தார். கொடி நட்டால் அதைத் தாண்டி யாரும் உள்ளே போய் வேலை செய்யக்கூடாது, இது நான் சின்ன வயதிலிருந்து அறிந்த சட்டம், என் அப்பா அதற்காக அடி வாங்கியிருக்கிறார். ஆனால் கொடி நடும்போதே உள்ளே இருக்கிறவன் வெளியே வரலாமா, வந்தால் கொடியைத் தாண்டிய குற்றமா, உள்ளேயே இருந்தால் கருங்காலியா என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஆகவே நான் வாசிக்காமலும் எழுந்திருக்காமலும் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தோழர் செல்லதுரையிடம் ஜாடையாகக் கேட்டேன். அவரும் ஜாடையாகத் தெரியாது என்றார்.

அப்புறம் அவர் கோஷம் போட்டார். “ஆள்குறைப்புப் பெட்டியே” என்றார். கூட்டம் “வெளியேறு” என்றது. நானும் “வெளியேறு” என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை மாமா, பிறந்ததிலிருந்து ஊர்வலத்தில் நடந்த வாய், தானாக வந்துவிட்டது. கையும் தானாக மேலே போனது. போன கை இறங்கும்போது தாளப் பட்டனில் பட்டுவிட்டது. பெட்டி அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தலாம் என்றால், நிறுத்துவதும் பெட்டியைத் தொடுகிற வேலைதானே, கொடி நட்ட பிறகு வேலை செய்யலாமா என்று பயந்து கையைக் கட்டிக்கொண்டேன். கோஷம் தாளத்தில் விழுந்துவிட்டது. “கூலியைத் தின்னும் பெட்டியே” என்று அவர் சொல்வதற்கும் அடி விழுவதற்கும் அவ்வளவு பொருத்தம். முப்பது பேரும் காலைத் தட்டினார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த பெண்கள் ஜன்னலில் நின்று சிரித்தார்கள், மாப்பிள்ளை தலையாட்டினார். முக்கால் மணி நேரம் கோஷம் போட்டுவிட்டுத் தோழர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “இவ்வளவு நல்லா நம்ம கோஷம் எங்கயும் அமைஞ்சதில்லடா” என்று என் காதில் சொன்னார். பக்கிரி அண்ணன் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். இதைப் பார்த்துவிட்டு வந்த யாரோதான், மிராசுதார் வீட்டில் சங்கத்துக்கு எதிராக நான் மெஷின் ஓட்டினேன் என்று உங்களிடம் வத்தி வைத்திருக்க வேண்டும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் தாலுகா ஆபீஸில் முத்தரப்புப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் பாய், அவருக்குத் துணையாகக் கூப்பிடாமலே வந்த மிராசுதார். எதிர்ப்பக்கம் செல்லதுரையும் பக்கிரி அண்ணனும். நடுவில் தாசில்தார். பெட்டியை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டார்கள், எனக்குத்தான் நாற்காலி இல்லை. தாசில்தார் என்னைப் பார்த்து, “நீங்க தொழிலாளி தரப்பா, முதலாளி தரப்பா” என்று கேட்டார். “பெட்டி அவருது சார், விரலு என்னுது” என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கடைசியில் ஒப்பந்தம் ஆனது. நெல் அறுப்புக்கு அச்சடித்து வைத்திருந்த படிவத்தில்தான் எழுதினார்கள், அதனால் மேடை என்று வர வேண்டிய இடமெல்லாம் களம் என்று இருக்கிறது. களத்தில் தாளப் பட்டனை அமுக்கினால் பக்கிரி என்கிற தொழிலாளி பக்கத்தில் கட்டாயம் நிற்க வேண்டும் என்பது சாரம். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் எந்தப் பக்கம் போடுவது என்று தெரியாமல் நடுவில் போட்டேன்.

மாசித் திருவிழாவில் அதன்படி வாசித்தோம். டிரம்ஸைப் பாய் ஏற்கெனவே விற்றுவிட்டார். பக்கிரி அண்ணன் இரண்டு குச்சியை மட்டும் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். சும்மா நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு, பெட்டி அடிக்க அடிக்கக் காற்றில் அடித்தார். கச்சேரி முடிந்ததும் ஊர் நாட்டாண்மை வந்து அவருக்குத் துண்டு போட்டு, “பக்கிரி, இத்தன வருசத்துல நீ இன்னிக்கித்தான்யா வாசிச்ச” என்றார். பஸ்ஸில் வரும்போது அண்ணன் அந்தத் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார். “ரெத்தினம், நெசமா நான் அடிச்சா இப்படிக் கேக்காதா?” என்று கேட்டார். கேக்கும்ணே, இதைவிட நல்லா கேக்கும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ண ஆரம்பித்தேன்.

மறுநாள் காலையில் பெட்டியை நெல்லுச் சாக்கில் போட்டுத் தைத்து, பாய் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். “நீ இல்லாம இத யாரு வாசிப்பா?” என்றார் பாய். யாரும் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இனி அதைத் தொட மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். பழைய ஆர்மோனியம் இருக்கிறது, பக்கிரி அண்ணனுக்கு எங்கேயாவது ஒரு டோலக் பார்க்கிறேன், இருவரும் சேர்ந்து வாசிப்போம். ஆகவே மாமா, ரேஷன் கடை மாப்பிள்ளை ஒருவர் வந்து போவதாகக் கேள்விப்பட்டேன், அவரைத் தயவுசெய்து திருப்பி அனுப்பிவிட்டுப் பங்குனித் தேதியை அப்படியே வையுங்கள். ராஜாத்தி இல்லை என்றால் எனக்கு வேறு யாரும் வேண்டாம். இதைப் பெரியவர்களிடம் இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

அத்தையின் கால் வலி குறைய அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் நெல்லும் நிம்மதியும் குறையாமல் இருக்கட்டும். சங்கத் தோழர்கள் அனைவருக்கும், என்னைத் திட்டியவர்கள் உட்பட, என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
ரெத்தினம்

பி.கு. கவரை ஒட்டப்போகும்போது தபால்காரர் வந்து உங்கள் அடுத்த கடிதத்தைக் கொடுத்தார். அதே கையெழுத்து, அதே முத்திரை. சங்க மாநாட்டு ஊர்வலத்தில், குடவாசலில் அமைந்ததுபோலக் கோஷத்துக்கு நல்ல தாளம் வேண்டும் என்றும், முக்கியமாக ஆள்குறைப்பு இயந்திரங்களைக் கண்டிக்கும் மூன்றாவது தீர்மானத்துக்குத் தாளம் பலமாக இருக்க வேண்டும் என்றும், லாரியில் தலைவர்கள் நின்றதுபோக ஓர் ஆளுக்குத்தான் இடம் இருப்பதால் நான் மட்டும் பெட்டியோடு வந்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஓரத்தில் உங்கள் கையால், ‘வாங்க மாப்பிள்ளை, பங்குனி பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்றும் இருக்கிறது. மேலே நான் எழுதியதைத் தள்ளிவிடுங்கள். பாய் வீட்டுக்குப் போய்ச் சாக்கைப் பிரித்துப் பெட்டியை எடுத்துவந்துவிட்டேன். ஒரு சிக்கல்தான். மாநாட்டில் வாசிக்கச் சங்கம் கூப்பிட்டிருக்கிறது என்று மட்டும் பக்கிரி அண்ணனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். நான் பெட்டியோடு திரும்புவதற்குள் அவர் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்து, எந்த பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். லாரியில் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்பதை அவரிடம் நான் சொல்வதா, நீங்கள் சொல்கிறீர்களா?